செக்கிங் அக்காவும் ஆல்டர் துணியும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிற அத்தனை கம்பெனிகளையும் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாலும் செக்கிங் அக்கா மாதிரி இன்னொரு ஆள் விழமாட்டார். கடவுள் நேரில் வந்து நின்றால் நாமெல்லாம் காலில் விழுவோம். அக்காவும் விழுவார். ஆனால் விழுகிற வழியில் கடவுளுடைய அங்கியின் கீழ் மடிப்பு நேராக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் விழுவார்.

நான் அப்போது அங்கே ஒரு சட்டை எக்ஸ்போர்ட் கம்பெனியில் புரொடக்‌ஷன் ரைட்டர். பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எந்த லைனில் எத்தனை சட்டை தைத்தார்கள் என்று போர்டில் எழுதுகிற வேலை. நூம்பலிலிருந்து பைக்கில் வருவேன். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக நெல் போட்டவர்கள். நிலம் பிளாட்டான பிறகு, இந்தப் பையனுக்கு வேறு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அக்கா என்னை "இன்னா ரைட்டரே" என்றுதான் கூப்பிடுவார். இப்போது பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறேன். இருந்தாலும் அந்தச் சொல்லை என் முகத்துக்கு நேராகச் சிரிக்காமல் சொன்னவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

அக்காவுக்கு ஒரு பெயர் இருந்தது. அடையாள அட்டையில் அச்சடித்திருந்தார்கள். ஒருமுறை ஆபீஸிலிருந்து மைக்கில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, அக்காவே நிமிர்ந்து, "யார்பா அது, புச்சா சேந்துகீறாங்களா?" என்று கேட்டார்.

லைன் முடிகிற இடத்தில் டியூப் லைட்டுக்குக் கீழே அவருடைய செக்கிங் மேஜை. கழுத்தில் தாலிக்கயிறு மாதிரி ஒரு நாடா, அதில் நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரி. இடுப்பில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுருள். தைத்த சட்டை மேஜைக்கு வந்ததும் காலர், தோள், கை, பட்டன் பட்டி என்று வரிசையாகத் தடவிப் பார்ப்பார். குறை இருந்தால் அந்த இடத்தைக் காட்டி அம்பு ஒட்டுவார். பிறகு சட்டை மூன்று பெட்டிகளில் ஒன்றுக்குப் போகும். நல்லது பாஸ். துணியே கிழிந்து போனது ரிஜெக்ட். நடுவில் இருக்கிறது ஆல்டர். அதாவது தையல் பிசகியிருக்கிறது, பிரித்துத் திரும்பத் தைத்தால் சரியாகிவிடும் என்கிற சட்டைகள். ஆல்டரேஷன் என்கிற சொல்லை முழுதாகச் சொல்ல அங்கே யாருக்கு நேரமிருந்தது?

அம்பு ஸ்டிக்கரைச் சட்டைக்கு மட்டும் ஒட்டினால் அது வேலை. அக்கா ஆளுக்கும் ஒட்டினார். பேசிக்கொண்டே இருப்பார், நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினால் முழங்கைப் பக்கம் ஒரு அம்பு இருக்கும், அங்கே ஒரு நூல் தொங்கும். என் கல்யாணப் போட்டோவில் என் பட்டுச் சட்டையின் காலரில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். குங்குமம் என்று என் மாமியார் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

காலையில் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் அக்காவின் மேஜையைச் சுற்றி ஜெபம் நடக்கும். வேதப் புத்தகத்தை வரிசையாகப் படித்துக்கொண்டு வருவார். ஒரு பகுதி வாசிப்பார், அதற்கு அர்த்தம் சொல்வார், யாருக்கு என்ன கஷ்டமோ அதைச் சொல்லி ஜெபிப்பார். லைனில் கிறிஸ்தவர்கள் என்று பார்த்தால் அக்காவையும் சேர்த்து ஒரு கை விரலுக்குள் அடங்கும். ஆனாலும் எல்லோரும் வந்து நிற்போம். நெற்றியில் திருநீறோடு நானும் நிற்பேன். ஜெபத்துக்கு வந்தால் சட்டையைக் கண்டும் காணாமல் பாஸ் பண்ணுவார் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைப்பார்கள். அது சுத்தப் பொய். கிட்டே நின்று கண்ணை மூடியவர்களின் சட்டையைத்தான் அன்று கூடுதலாகப் புரட்டுவார்.

அக்காவின் தியானத்தை நீங்கள் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டிருக்க முடியாது. ஆதியில் முதல் மனுஷனும் மனுஷியும் தின்னக்கூடாத பழத்தைத் தின்றுவிட்டு இலையைத் தைத்துப் போட்டுக்கொண்ட கதையை எடுத்துக்கொள்ளுங்கள்.

"ஆண்டவரு வந்து பாத்தாரு. திட்டினாரு, தோட்டத்த வுட்டு அனுப்பினாரு, அத்த வுடு. ஆனா அனுப்பச்சொல்ல தோல்ல நல்ல ட்ரெஸ்ஸா தெச்சி மாட்டிதானே அனுப்பினாரு? அப்ப இன்னா அர்த்தம்? அவரு ரிஜெக்ட் பண்ணது இலையத்தான். ஆள இல்ல."

பழைய துணியில் புதுத் துணியை ஒட்டுப் போடாதே என்கிற பகுதி வந்த அன்று அக்காவுக்குப் பண்டிகை. "ஷ்ரிங்கேஜ்! தண்ணி பட்டா புதுத் துணி சுருங்கும், இத்த அந்தக் காலத்திலயே சொல்ட்டு போயிட்டாரு பாரேன். இங்க படிச்சவங்க இன்னும் டெஸ்ட் பண்ணாம கட்டிங் போட்டுகினு கீறாங்க." காணாமல் போன ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பன் கதைக்கு, "ஒரு பீஸ் ஷார்ட்டேஜ்னு லைனையே நிறுத்தி வெச்சிட்டுத் தேடப் போனாரு பாரு, அவருதான்யா செக்கரு" என்றார். சிலுவையில் அறையும்போது ஆண்டவரிடமிருந்து கழற்றிய, மேலிருந்து கீழ்வரை தையலே இல்லாத அங்கியைப் பற்றி வாசித்த அன்று அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாடுகளை நினைத்து அழுகிறார் என்று நாங்களும் தலையைக் குனிந்தோம். ஜெபம் முடிந்ததும் என்னிடம் மெதுவாக, "அந்த மாரி பீஸ் ஒண்ண என் கையால தொட்டுப் பாத்துடணும் ரைட்டரே, அதுக்கப்பறம் கண்ண மூடினாலும் பரவால்ல" என்றார்.

எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் ஈரோட்டுக்காரர். வந்த புதிதில், "என்னங்க இது, லைன் ஸ்டார்ட் ஆகற நேரத்துல பஜனை?" என்று மேஜைக்கு வந்து நின்றார். அக்கா புத்தகத்தை மடித்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே, எங்க மேனேஜர் சார உம்ம கையில குடுக்கறேன். நல்ல துணிதான் ஆண்டவரே, துணில ஒரு கொறையும் இல்ல. கோவந்தான் அங்கங்க நூலு தொங்குது. நேத்துகூட நம்ம காலர் தெக்கிற கஸ்தூரிய ஒரு வார்த்த சொன்னாரு. அது இன்னான்னு உமக்கே தெரியும், அத்த நான் என் வாயால சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அந்த வார்த்தையையும் தெளிவாகச் சொன்னார். "ரிஜெக்ட் பண்ணிடாதீங்க ஆண்டவரே. ஆல்டருக்கு அனுப்புங்க."

எல்லோரும் ஆமென் சொன்னோம். கஸ்தூரியின் ஆமென் பக்கத்துக் கம்பெனிக்குக் கேட்டிருக்கும். மேனேஜரும் முணுமுணுப்பாக ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு பஜனையைப் பற்றி அவர் பேசவில்லை.

அந்த ஆல்டர்தான் அக்காவின் சமயம். அதை நான் விளக்கியாக வேண்டும். அவர் போகிற சர்ச் ஆவடிப் பக்கம். அங்கே போதகர் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரசங்கம் முடிந்ததும், மனம் கசிந்தவர்கள் ஆல்டருக்கு வாங்க என்று அழைப்பார். மக்கள் எழுந்து முன்னால் போய் முழங்கால் போடுவார்கள். அக்காவும் போவார். இத்தனை வருஷம் எக்ஸ்போர்ட்டில் இருந்தவருக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் என்ன தோன்றும்? பிசகிப்போன பீஸ்களை எல்லாம் சரிபண்ணக் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றியது. அவருக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. எங்களுக்கும் வந்ததில்லை. அக்காவின் சர்ச்சில் எக்ஸ்போர்ட் பாஷையில் பேசுகிறார்கள் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

"ஆண்டவர் ஊட்ல ரிஜெக்ட் பொட்டியே கெடையாது" என்பார். "இன்னா தப்பு பண்ணாலும் சரி, ஆல்டர்தான்." கஸ்தூரிக்கும் அவள் மாமியாருக்கும் தினமும் சண்டை. அக்கா அவளைப் பிடித்து நிறுத்தி, "போய் மொதல்ல நீ தெச்சத நீ பிரி. அவங்க தெச்சத அவங்க பிரிப்பாங்க" என்றார். கஸ்தூரி வாய்க்காரி, யார் சொன்னாலும் கேட்கிற ஜாதியில்லை. அக்கா சொன்னதற்காக ஒரு வாரம் மாமியாரோடு பல்லைக் கடித்துக்கொண்டு பேசிப் பார்த்தாள், பழகிவிட்டது.

ஊருக்கெல்லாம் ஆல்டர் சொன்ன அக்கா, ஒரே ஒரு ஆளை மட்டும் தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். அது அவருடைய சொந்த மகள் ஜெனி.

புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக வளர்த்த பெண். கோவில்பதாகையில் இருவர் மட்டும் இருந்த வீடு. ஜெனி திருமழிசையில் ஒரு யூனிட்டில் வேலைக்குப் போனாள், கூட வேலை செய்த தினேஷைக் கட்டிக்கொண்டாள், அங்கேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். பையன் இந்து. அக்காவுக்கு அதில்கூட அவ்வளவு வருத்தமில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு. எவனோ சொல்லிதானே எனக்குத் தெரியுது" என்பதுதான் ஆறாத புண். தப்பு பண்ணிவிட்டேன் என்று அவள் வந்து சொல்ல வேண்டும், அதுவரை வாசற்படி மிதிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஜெனியும் அக்கா பெற்ற பெண்தானே. தினேஷைக் கட்டிக்கொண்டதைத் தப்பென்று எப்படிச் சொல்வேன் என்று அவளும் நின்றுவிட்டாள்.

ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் வந்து நிற்பாள். அக்கா கேட்டை விட்டு வெளியே வருவார், எதிரே பார்க்காமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து விறுவிறுவென்று போய்விடுவார். அவள் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போவாள்.

ஒரு திங்கட்கிழமை அக்கா சட்டையைப் புரட்டிக்கொண்டே தானாகப் பேசினார். "பச்ச சுடிதாருக்குக் கை மடிப்பு பிரிஞ்சி தொங்குது. ஒரு ஊசி நூலுகூடவா இல்ல அந்த ஊட்ல?"

"யார் சுடிதாருக்கா?" என்று கேட்டேன்.

"யாரோ. ரோட்ல போறவ" என்றார்.

எதிரே திரும்பியே பார்க்காதவருக்கு எதிர்ப்பக்கம் நிற்கிற சுடிதாரின் கை மடிப்பு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கஸ்தூரிதான் கேட்டாள். "ஏன்கா, ஊர்ல கீற அல்லாருக்கும் ஆல்டர்ன்ற. பெத்த பொண்ணுக்கு மட்டும் ரிஜெக்டா?"

"ஆல்டர் ஆயி வரட்டும், வாணான்னா சொன்னேன்?" என்றார் அக்கா. "பிரிக்காம தெக்காம அப்டியே பீஸ பாஸ் பண்ணுன்னா எவ பண்ணுவா?"

வேதத்தில் ஆட்டைத் தேடிய கதைக்கு அடுத்து காசைத் தேடிய கதை வருகிறது. அதற்கு அடுத்தது, சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன மகன் திரும்பி வருகிற கதை. ஆடு ஒரு நாள், காசு ஒரு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் அக்கா, "தலவலிக்குது, இன்னிக்கி ஜெபம் மட்டும்" என்றார். நான்காம் நாள் புத்தகத்தைத் திறந்து நேராக அடுத்த அதிகாரத்துக்குப் போய்விட்டார். தையலில் இப்படி ஒரு இடத்தில் நூல் விழாமல் தாண்டிவிட்டால் அதற்கு ஸ்கிப் என்று பெயர். அக்கா அதற்குத்தான் அதிகமாக அம்பு ஒட்டுவார். கஸ்தூரி என் காதருகே, "அக்கா ஸ்கிப் அடிச்சிட்டாங்க" என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அறுப்பின் பண்டிகை வந்தது. சர்ச்சுக்கு மக்கள் காய்கறி, கோழி, முட்டை, கரும்பு என்று கொண்டுவந்து படைப்பார்கள், ஆராதனை முடிந்து எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். பண்டிகைக்கு முந்தின வாரம் போதகரின் மனைவி ஒரு வெள்ளைச் சாட்டின் துணியை அக்காவிடம் கொடுத்து, "இது புது ஆல்டர் துணிக்கா, பண்டிகைக்குள்ள ரெடி பண்ணிக் குடுத்துடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது துவைத்து இஸ்திரி போடச் சொல்லி.

அக்கா அதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்குக் கொண்டுவந்து செக்கிங் மேஜையில் விரித்தார். இழை இழையாகப் பார்த்தார். நெற்றி சுருங்கிவிட்டது. "ஆல்டர்ன்றாங்க, இதுல ஒரு கொறையும் இல்லியே ரைட்டரே."

"நல்லாப் பாருக்கா, ஏதாவது இருக்கும்" என்றேன். எனக்கென்ன தெரியும்?

கஸ்தூரி இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். "நீளம் ஜாஸ்திக்கா. எந்த மேஜைக்குப் போட்டாலும் தரைல பெரளும் பாரு."

"அதான்! அளவு தப்பா வெட்டிட்டாங்க. அதான் ஆல்டருக்குக் குடுத்துகீறாங்க" என்று அக்காவின் முகம் தெளிந்தது. தன் செக்கிங் மேஜையை வைத்து அளவெடுத்தார், வெட்டினார், ஓரம் அடித்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், சட்டை வாங்குகிற ஃபாரின் பையர் வந்து பார்த்தால் கையைப் பிடித்துக் குலுக்குவான், அப்படி ஒரு மடிப்பு. வெட்டின மிச்சத் துணியை வீணாக்காமல் லைனில் ஆளுக்கொரு கைக்குட்டை தைத்துக் கொடுத்தார்.

பண்டிகைக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார். நான், கஸ்தூரி, இன்னும் சிலர் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். சரியான புழுக்கம். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். முன்னால் போதகர் நிற்கிற இடத்தில் பெரிய மேஜை ஒன்று, அக்கா வெட்டிய துணியில் அரை டிராயர் போட்டுக்கொண்டு நின்றது. கால் நான்கும் வெளியே தெரிந்தது. கால் மட்டும் தெரிந்திருந்தால் பரவாயில்லை. காலுக்கு நடுவே இத்தனை நாள் துணி மறைத்து வைத்திருந்த குட்டி உலகமும் தெரிந்தது. உடைந்த மைக் ஸ்டாண்டு ஒன்று, பெயின்ட் டப்பா, பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் துடைப்பம். என் கையில் இருந்த கைக்குட்டையைப் பார்த்தேன், மேஜையைப் பார்த்தேன், அவசரமாகப் பைக்குள் திணித்துக்கொண்டேன். கஸ்தூரி தன்னுடையதை ஜாக்கெட்டுக்குள் செருகிவிட்டாள்.

முதலில் பாடகர் குழுவில் ஒரு பெண் சிரித்தாள். அப்புறம் சர்ச்சே சிரித்தது. போதகரும் சிரித்துவிட்டார், இளவயசுக்காரர், அடக்க முடியவில்லை. பிறகு அக்காவைப் பார்த்து நல்லவிதமாகத்தான் சொன்னார். "அக்கா, உங்க மேல தப்பில்ல. ஆல்டர்னா ஆல்டரேஷன் இல்லக்கா, பலிபீடம். இங்க எதையும் சரிபண்ணித் திருப்பித் தர்றது கிடையாது. நம்ம கையில இறுக்கிப் பிடிச்சுட்டிருக்கறதைக் கொண்டுவந்து வெச்சுட்டு, வெறுங்கையோட திரும்பிப் போகணும். அவ்வளவுதான்."

எல்லோரும் இன்னொரு தரம் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. ஏலத்துக்குக்கூட நிற்காமல் போய்விட்டார். நான் அங்கே ஒரு பூசணிக்காயை ஏலத்தில் எடுத்தேன். என்ன விலைக்கு என்று எழுத முடியாது, என் மனைவி இந்தப் பத்திரிகையைப் படிக்கிறாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் மேஜையைச் சுற்றி நின்றோம். அக்கா புத்தகத்தைத் திறக்கவில்லை.

"ஒரு நிமிசம். இத்தினி நாளா ஆல்டர் ஆல்டர்னு நான் ஒண்ணு சொல்லிகினு இருந்தேன் இல்ல? அது தப்பு. மொத்த பீஸும் தப்பு. பாஸாயி வெளிய பூட்ச்சி, இப்ப இன்னா பண்றது? மன்னிச்சிகோங்க. இனிமே ஜெபம் கெடையாது. அர்த்தம் தெரியாதவ அர்த்தம் சொல்லக்கூடாது" என்றார். கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கஸ்தூரி அலறினாள். "அப்ப மாமியார்கிட்ட நான் பணிஞ்சி போனதெல்லாம் வேஸ்டா?"

அக்கா அடுத்த சட்டையை எடுத்துப் புரட்டினார். அந்த வாரம் லைனே லைனாக இல்லை. சங்குக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் ஆளாளுக்கு மெஷின் முன்னால் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேனேஜர் இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் அக்காவிடம் போய், "ஏனுங்க்கா, ஜெபம் இல்லீங்களா? ஒரு மாதிரியா இருக்குதுங்களே" என்றார். பஜனை என்று சொன்ன அதே வாய்தான்.

வெள்ளிக்கிழமை யாரும் எதிர்பார்க்கவில்லை, அக்கா புத்தகத்தைத் திறந்தார். தாண்டிப்போன அந்த இடத்தைத் திறந்தார். மகன் திரும்பி வருகிற கதையை எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாக வாசித்தார். முடித்துவிட்டு அர்த்தம் சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"ரைட்டரே, நீ படிச்சவன், இத்த பாத்து சொல்லு. இவன் இன்னா பேசணும்னு மனசுக்குள்ள ரெடி பண்ணிகினு வரான். அத்த முழுசா சொல்லி முடிக்கல. அதுக்குள்ள அப்பங்காரரு நல்ல அங்கியா பாத்து எடுத்தாந்து போடுங்கன்றாரு. நடுவுல செக்கிங் எங்க கீது?"

நான் அந்த வரிகளை இரண்டு முறை பார்த்தேன். "இல்லக்கா."

"இன்னொரு வாட்டி பாரு."

"இல்லக்கா. செக்கிங் இல்ல."

"தூரத்துல வரச்சொல்லவே பாத்துட்டாரு. அப்டின்னா தெனம் பாத்துகினேதானே இருந்துகீறாரு?" என்று அக்கா புத்தகத்தைப் பார்த்தே கேட்டார். "வயசான மன்ஷன். ஓடுறாரு."

சங்கு ஊதிவிட்டது. ஆமென்கூடச் சொல்லாமல் எல்லோரும் கலைந்தோம். அன்று ஒரு சட்டை கழுத்துப் பட்டனே இல்லாமல் பாஸ் ஆகி பேக்கிங் வரை போனது. பேக்கிங்காரர்கள் அதை எடுத்துவந்து ஏதோ அதிசயத்தைக் காட்டுவதுபோல் எல்லோருக்கும் காட்டினார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. சாயங்காலம் கேட்டுக்கு வெளியே நானும் கஸ்தூரியும் வேண்டுமென்றே நின்றுகொண்டிருந்தோம். எதிரே டீக்கடையில் ஜெனி நின்றிருந்தாள். அக்கா வெளியே வந்தார். பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பினார். நான்கு எட்டு வைத்தார். கஸ்தூரி என் கையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள், வலி உயிர் போயிற்று. அக்கா நின்றார். திரும்பினார்.

ஓடினார்.

எஸ்டேட் மெயின் ரோட்டில், ஷிஃப்ட் முடிகிற நேரத்தில், வலது இடது பார்க்காமல், கழுத்தில் கத்தரி ஆட, ஒரு காலில் செருப்பில்லாமல் அந்த மனுஷி ஓடினார். ஷேர் ஆட்டோ ஒன்று கிறீச்சென்று நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யம்மா, ஊட்ல சொல்லிகினு வந்துட்டியா?" என்று கத்தினான்.

"சொல்லத்தான்டா போறாங்க!" என்று இந்தப் பக்கத்திலிருந்து கஸ்தூரி கத்தினாள்.

அதற்குமேல் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். சரியாக அந்த நேரத்தில் ஒரு கன்டெய்னர் லாரி வந்து எங்களுக்கும் டீக்கடைக்கும் நடுவே நின்றது. முன்னால் டிராஃபிக். நகரவே இல்லை. கஸ்தூரி அந்த டிரைவரைத் திட்டிய திட்டைப் பத்திரிகையில் போட மாட்டார்கள். லாரி நகர்ந்தபோது டீக்கடையில் அக்காவும் இல்லை, ஜெனியும் இல்லை.

நாங்கள் ஓடிப்போய்க் கடைக்காரரைக் கேட்டோம்.

"அந்தப் பொண்ணு இன்னாவோ சொல்ல வாயத் தொறந்துச்சிபா. 'அதெல்லாம் ஒண்ணும் வாணாம், மொதல்ல டீ சாப்ட்றியா'ன்னாங்க அந்தம்மா. ரெண்டு டீ சொன்னாங்க. நான் போட்டு முடிக்கறதுக்குள்ள ரெண்டும் கட்டிப் புடிச்சி அழுதுகினே ஷேர் ஆட்டோல ஏறி திருமழிசைன்னு சொல்லிகினு பூட்ச்சிங்க. டீ ரெண்டும் நிக்குது பாரு."

நானும் கஸ்தூரியும் அந்த இரண்டு டீயையும் எடுத்துக் குடித்தோம். சர்க்கரை ஜாஸ்தி என்றாள் கஸ்தூரி. எனக்கு ருசியே தெரியவில்லை, மூக்கு அடைத்திருந்தது.

திங்கட்கிழமை காலை அக்காவைக் காணோம். அவர் ஒரு நாளும் தாமதமாக வந்தவரில்லை. மேஜையைச் சுற்றி எல்லோரும் நின்றுவிட்டோம், மேனேஜரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கஸ்தூரியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"திருமழிசையிலேர்ந்துதான் பேசறேன். நேத்து சர்ச்சுக்குகூட போகல. இந்த ஊட்ல ஒரு சட்டைக்காவது பட்டன் நேரா கீதான்றே? மாப்ள போட்டுகினு போறதெல்லாம் ஒரு சட்டையா? அத்தினியும் பிரிச்சிப் போட்டுகினு குந்திகினு கீறேன்." உள்ளே ஒரு பெண் சிரிக்கிற சத்தம், ஒரு ஆண் குரல் 'அத்தே, டீ ஆறுது' என்றது. "இந்தா வரேன்பா. கஸ்தூரி, நான் வரதுக்கு நேரமாவும். யாராவது ஜெபம் பண்ணிட்டு லைன ஆரம்பிச்சிடுங்க. ரைட்டர பண்ணச் சொல்லு, அவன் நல்லாப் பேசுவான்."

போன் வைத்தாகிவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் யாரும் இந்த ஜெபம் பண்ணினதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியும், அதற்குமேல் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டேன். தினமும் பேசிப் பேசி வாய் வலிக்கிறவனுக்கு அன்று ஒரு வார்த்தை அகப்படவில்லை. மெஷின்கள் சத்தம் போடாமல் இருந்தன. சங்கு ஊத இன்னும் நேரமிருந்தது.

"ஆண்டவரே," என்றேன். "எங்க அக்கா இன்னிக்கு லேட்டாவே வரட்டும்."